தூரில் இருந்த காடு

கம்பு நம்முடைய தானியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூழும் களியும் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு நினைப்பு வராது. ஆனால் கம்புக்குப் பிறந்த வீடு மேற்கு ஆப்பிரிக்கா. சகாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரமாக, வேட்டிக்கரை போலக் கிழக்கு மேற்காய் நீண்டு கிடக்கிறது சஹேல் நிலம். அங்கேதான் மனிதர்கள் ஒரு காட்டுப்புல்லைப் பழக்கிக் கம்பாக்கினார்கள். தட்டைப்பயறும் மேற்கு ஆப்பிரிக்கப் பயிர்தான். இரண்டும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து நம் மானாவாரி நிலத்தில் குடியேறிவிட்டன. பதிலுக்கு நம் நாட்டு முருங்கை அங்கே போயிருக்கிறது. நைஜர் நாட்டில் முருங்கைக்கீரையை அவித்து வேர்க்கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்து தின்பது அன்றாடச் சாப்பாடு.

எனவே நைஜரின் தெற்கே, மராடி வட்டாரத்தில் நடந்த இந்தக் கதையை நான் வேற்றூர்க் கதையாகப் படிக்கவில்லை. அங்கே ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். கிணற்றுப் பாசனம் அரிது. ஹௌசா மொழி பேசும் குடியானவர்கள் கம்பும் சோளமும் தட்டைப்பயறும் விதைத்து, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வேலி ஓரத்தில் நமக்குத் தெரிந்த அதே இலந்தை நிற்கும். நம் பக்கத்தில் புன்செய் நிலத்தையே காடு என்பார்கள். "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றால் களையெடுக்கப் போவது என்று பொருள். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மராடியில் வயல் என்ற காட்டுக்குள் மரம் என்ற காடு திரும்பி வந்த கதை இது.

முதலில் மரம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும்.

பழைய நாளில் அந்த மக்கள் மரத்தை வயலைவிட்டு விரட்டியவர்கள் அல்லர். வயலுக்கு நடுவே மரங்களை விட்டுவைத்துத்தான் உழவு செய்தார்கள். அவற்றில் ராஜா காவோ மரம். நம் வெள்வேலுக்கும் குடைவேலுக்கும் உறவான முள்மரம் அது. அதன் குணம் விசித்திரமானது. மழை தொடங்கியதும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பயிருக்கு நிழல் தட்டாது. மழை ஓய்ந்து ஊரே காயும்போது துளிர்த்துப் பச்சையாகும். கோடையில் ஆடுமாடு அதன் நிழலில் படுத்து, நெற்றைத் தின்று, அங்கேயே சாணம் போடும். வேரோ காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். காவோவுக்கு அடியில் விதைத்த கம்பு கூடுதலாக விளையும் என்பது அங்கே பாட்டி காலத்து அறிவு. 19ஆம் நூற்றாண்டில் மராடிக்குக் கிழக்கே ஜிண்டரை ஆண்ட சுல்தான் தனிமுன், காவோவை வெட்டினால் தலையை வாங்குவேன் என்று ஆணையிட்டதாக இன்றும் சொல்கிறார்கள்.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1935இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரு வனச் சட்டம் போட்டார்கள். காட்டைக் காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். நடைமுறையில் விவசாயி தன் வயலில் நிற்கும் மரத்தின் கிளையைக் கழிக்கவும் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்; வாங்காவிட்டால் அபராதம். மரம் நிற்பது அவன் மண்ணில், குடிப்பது அவன் மண்ணின் ஈரத்தை. ஆனால் மரம் சர்க்காருடையது. 1960இல் நாடு விடுதலை அடைந்தது. கொடி மாறியது, மரத்தின் உடைமை மாறவில்லை.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் குடியானவன் என்ன செய்வான்? தன் நிலத்தில் ஒரு கன்று முளைத்தால், அது மரமாகி வனக்காவலர் கண்ணில் படுவதற்குள் பிடுங்கி எறிவான். நம் ஊரில் சந்தனத்துக்கு இதே கதிதான் நேர்ந்தது. யார் பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தனமரம் அரசுக்கே சொந்தம் என்ற நிலை, தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தப்படும்வரை இருந்தது. வம்பு எதற்கு என்று யாரும் வளர்க்கவில்லை. பறவை போட்ட விதை முளைத்தாலும் வளரவிடவில்லை.

மராடியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. வயல் துடைத்துவைத்த களம் போல இருக்க வேண்டும், அப்போதுதான் ஏர் ஓடும், அதுவே நாகரிக விவசாயம் என்று வேளாண் அலுவலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மக்கள்தொகை பெருகியது. தரிசு போட்டு ஆறவிடும் வழக்கம் குறைந்தது. 1968 முதல் 1973 வரை சஹேல் முழுவதும் மழை பொய்த்தது. பசியில் இருப்பவன் எஞ்சிய மரத்தையும் விறகாக்கி விற்றான். 1980 வாக்கில் மராடியில் விதைப்புக்கு முன்னால் போய் நின்றால், தொடுவானம்வரை செம்மணலும் புழுதியும்தான். தடுக்க ஒன்றும் இல்லாததால் காற்று மணலை வாரி இளம்பயிரின் மேல் அடிக்கும். முளைத்த கம்பு அறுபட்டோ புதைந்தோ போகும். ஒரே பருவத்தில் மூன்று தடவை, நான்கு தடவை மறுவிதைப்பு செய்தவர்கள் உண்டு.

உலகம் சும்மா இருக்கவில்லை. பாலைவனம் தெற்கே நகர்கிறது, மரம் நட்டுத் தடுப்போம் என்று பணம் கொட்டியது. நாற்றங்கால் போட்டார்கள், பையில் கன்று வளர்த்தார்கள், குழி தோண்டி நட்டார்கள். பெரும்பாலானவை செத்தன. வறட்சி, கறையான், ஆடு, மணற்காற்று எல்லாம் காரணம். நட்ட மரம் தன்னுடையது என்று யாரும் நினைக்காதது இன்னொரு காரணம்; என் கணிப்பில் அதுவே முதல் காரணம்.

அப்படி நட்டுத் தோற்றவர்களில் ஒருவர் டோனி ரினாடோ. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த வேளாண் பட்டதாரி. 1980களின் தொடக்கத்தில், இருபதுகளின் வயதில், மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒரு கிறித்தவ ஊழிய அமைப்பின் சார்பில் மராடிக்கு வந்து மரம் நடும் திட்டத்தை ஏற்றார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நட்டதும், கண்முன்னே அவை காய்ந்ததும், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்ததும் அவரே பலமுறை சொன்னவை.

1983இல் ஒருநாள். வண்டிக்குப் பின்னே கன்றுகள் ஏற்றிய இழுவைப்பெட்டி. பாதை மணலாக மாறும் இடத்தில் சக்கரம் புதையாமல் இருக்க டயரில் கொஞ்சம் காற்று இறக்க வேண்டும், அதற்காக இறங்கினார். நாலு திசையிலும் வெறும் நிலம். இதை நட்டு நிரப்ப எத்தனை ஆண்டு, எத்தனை ஆள், எவ்வளவு பணம் வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுச் சோர்ந்துபோனார். பிரார்த்தனை செய்தார். நிமிர்ந்தபோது சற்றுத் தள்ளி ஒரு புதர். அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் பார்த்த புதர்தான். பக்கத்தில் போய் இலையைப் பார்த்தார். அது புதரல்ல, மரம். வெட்டுண்ட மரத்தின் அடித்தூரிலிருந்து கிளம்பிய துளிர்க்கூட்டம்.

அந்தச் சமவெளியில் அப்படி இலட்சக்கணக்கில் இருந்தன.

இதை நமக்கு விளக்கவே வேண்டியதில்லை. இராமநாதபுரம் பக்கத்தில் கரிமூட்டம் போடுகிறவரைக் கேளுங்கள்: சீமைக்கருவேலத்தை வெட்டினால் சாகுமா? தூரோடு பெயர்க்காவிட்டால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்ந்து நிற்கும். கரும்பு வெட்டிய வயலில் கட்டையிலிருந்து மறுதாம்பு வருவதும் இதே வித்தை. மண்ணுக்கு மேலே தெரிவது மரத்தில் பாதிதான். கீழே இருக்கும் வேர் பல பத்தாண்டு பழையது; ஆழத்து ஈரத்தைத் தொட்டது; உணவைச் சேமித்து வைத்திருப்பது. பையில் வளர்ந்த கன்றுக்கு விரல்நீள வேர். தூருக்கு ஆள் உயரத்துக்கு மேலே ஆழமான வேர். எது பிழைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் குடியானவர்கள் அந்தத் துளிரை அறுத்துக் குவித்து எரித்தார்கள். தப்பியதை ஆடு மேய்ந்தது. அதனால் மரம் ஆண்டுதோறும் பிறந்து ஆண்டுதோறும் செத்தது. செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. ஒரு தூரில் பத்து இருபது துளிர் கிளம்பியிருந்தால், நிமிர்ந்து வளரும் திடமான மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். விட்டதிலும் கீழ்ப்பாதிப் பக்கக்கிளைகளை ஒதுக்க வேண்டும். அவ்வப்போது கவாத்து. இரண்டு மூன்று ஆண்டில் ஒரு தண்டை வெட்டி விற்றுவிட்டு அதற்குப் பதில் ஒரு புதுத் துளிரை ஏற்றிவிடலாம். தேவை ஒரு கத்தி. நாற்றங்கால் வேண்டாம், குழி வேண்டாம், தண்ணீர் லாரி வேண்டாம்.

ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் அவரைப் பைத்தியக்கார வெள்ளைக்காரன் என்றார்கள். பத்துப் பேர் அளவில் சம்மதித்து, நிலத்தின் ஒரு மூலையில் தூர்களை விட்டுப் பார்த்தார்கள். ஊரெல்லாம் மொட்டையாக இருக்கையில் ஒருவன் வயலில் மட்டும் மரம் எழுந்தால் என்ன ஆகும்? இரவோடு இரவாக விறகுக்குப் போயிற்று.

1984இல் மறுபடி மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ரினாடோவின் குழு தானிய உதவி கொடுத்தது. அதற்கு ஈடாக, ஹெக்டேருக்கு நாற்பது மரமாவது தூரிலிருந்து ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ 5 இலட்சம் மரங்கள் எழுந்தன. பஞ்சம் தீர்ந்து தானியம் நின்றதும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கை மக்கள் வெட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் கணு. கூலிக்காக வளர்த்த மரம் கூலி நின்றதும் போனது; அதில் வியப்பில்லை. வியப்பு மிச்ச மூன்றில் ஒரு பங்கு. யாரும் காசு கொடுக்காமல் அவர்கள் ஏன் விட்டுவைத்தார்கள்? மரத்தடிக் கம்பு மணற்காற்றில் சாகாமல் நின்றதைப் பார்த்தார்கள். கழித்த கிளை அடுப்புக்கு ஆனதைப் பெண்கள் பார்த்தார்கள். வெட்டியவர்களும் அண்டை வயலைப் பார்த்தார்கள். அவர்கள் வெட்டியதும் மேலே இருந்ததைத்தான். தூர் மண்ணில் இருந்தது. அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்தது.

கூடவே இன்னொரு காரியம் நடந்திருந்தது. ரினாடோவும் உடன் வேலை செய்தவர்களும் மராடி வனத்துறைத் தலைமை அதிகாரியிடம் பேசினார்கள். தன் வயலில் மரத்தைப் பேணுகிறவன் அதிலிருந்து கிளையோ கட்டையோ எடுத்தால் அபராதம் போட மாட்டோம் என்ற உறுதி கிடைத்தது. சட்டம் அப்படியே இருந்தது. ஒரு வாய்ச்சொல் மட்டுமே. ரினாடோவைப் பற்றி எழுதுகிறவர்கள் டயரில் காற்று இறக்கிய கணத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். நான் அந்த அலுவலக அறைப் பேச்சைத்தான் பெரிதென்பேன். தூரில் உயிர் இருக்கிறது என்பது குடியானவனுக்குத் தெரியாத செய்தியே அல்ல. ஆண்டுதோறும் அதை அறுத்தவன் அவன்தானே. வளர்ந்தால் அது தனக்கு ஆகும் என்பதுதான் அவனுக்குப் புதிய செய்தி.

பிறந்த கதை என்றால் தாய் யார் என்ற கேள்வி வரும். மராடி வட்டாரத்திலேயே அகியே பகுதியில் இதே முறைக்கு வேறொரு பிறப்புக்கதை உண்டு. அந்த ஊர் இளைஞர்கள் கோடையில் கூலிக்காக எல்லை தாண்டி நைஜீரியா போவார்கள். ஒரு வருஷம் சிலர் தாமதமாகத் திரும்பினார்கள். மழை விழுந்துவிட்டது, புதர் அறுத்து நிலத்தைத் துடைக்க நேரமில்லை. துளிர்களுக்கு நடுவிலேயே விதையைப் போட்டார்கள். அறுப்பில் பார்த்தால், சுத்தம் செய்து விதைத்தவர்களைவிட இவர்களுக்கு அதிகம் விளைந்திருந்தது. மறு ஆண்டும் அப்படியே. பக்கத்து ஊர்கள் பார்த்துப் பின்பற்றின.

நான் இந்த இரண்டு கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்பவில்லை. சுல்தான் காலத்தில் வயலில் மரம் வைத்திருந்தவர்களின் பேரர்கள் மறந்ததை மீட்டார்கள்; அதற்கு ஓர் ஆஸ்திரேலியரின் விடாப்பிடியும், சில இளைஞர்களின் தாமதமும் உதவின. ஆங்கிலத்தில் இதற்கு உழவர் பேணும் இயற்கை மறுதளிர்ப்பு என்ற பொருளில் நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஹௌசாவில் "சஸ்ஸபின் ஸமானி". புதுக்காலத்து நிலந்திருத்தல் என்று பொருள். அழகான பெயர். காடு திருத்துவது என்று நாமும் சொல்கிறோம். இதுவரை அந்தச் சொல்லுக்கு அழிப்பது என்றுதான் அர்த்தம் இருந்தது. அவர்கள் உண்மையிலேயே திருத்தினார்கள்.

பிறகு அது பரவிய விதம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. திட்டமில்லை, திறப்பு விழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்தார்கள்; சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஊர்க்குழுக்கள் கூடி, திருட்டு வெட்டுக்கு ஊர் அபராதம் வைத்தன. மாடு ஓட்டி வரும் ஃபுலானி மேய்ச்சல்காரர்களோடு எப்போது எந்தப் பக்கம் மேய்ப்பது என்று பேசிமுடித்தன. தான் சாந்துபொட்டு மாதிரி வைத்த ஒரு மரத்தை ஒருவனால் காப்பாற்ற முடியாது. ஊரே சேர்ந்து வளர்க்கும்போது திருடுவதற்கு அவசியமே குறைந்துபோகிறது.

இருபது ஆண்டுகள் இப்படிப் போயின. 2000க்குப் பின் கிறிஸ் ரெய் என்ற டச்சு ஆய்வாளரும், அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறையின் கிரே டப்பனும், 1975இல் எடுத்த வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் மணலாக இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக மரம். களத்தில் போய்ச் சரிபார்த்தார்கள். மராடி, ஜிண்டர் வட்டாரங்களைச் சுற்றி சுமார் 50 இலட்சம் ஹெக்டேர்; அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஏறத்தாழ 20 கோடி மரங்கள். ஒன்றுகூட நட்டதல்ல. இதனால் நாட்டுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் டன் தானியம் கூடுதலாகக் கிடைக்கிறது, 25 இலட்சம் பேருக்கு அது சோறு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

கணக்கைவிட எனக்குப் பிடித்தது வீட்டுக்குள் நடந்த மாற்றம். விதைப்பு ஒரே தடவையோடு முடிந்தது. மூன்று நான்கு முறை விதைக்கிற விதைத்தானியம் பானையில் மிஞ்சியது. விறகுக்காக நாள் பாதியைத் தொலைத்த பெண்கள் வயல் ஓரத்திலேயே ஒடித்துக்கொண்டார்கள். அங்கே பெண்கள் பேர் சொல்லிச் சொந்தம் கொண்டாடும் மரம் ஒன்று உண்டு: நாம் பொந்தன்புளி என்றும் மன்னார்ப் பக்கத்தில் பெருக்கமரம் என்றும் சொல்வது. அதன் இலையைக் காயவைத்துப் பொடித்துக் குழம்பு வைப்பார்கள். மிச்சத்தைச் சந்தையில் விற்பார்கள். அந்தக் காசு அவர்கள் கையில் நிற்கும். 2005இல் நைஜரில் மறுபடி உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, மரம் வளர்த்திருந்த ஊர்கள் கிளையும் கட்டையும் விற்றுத் தானியம் வாங்கித் தாக்குப்பிடித்தன. மரம் அவர்களுக்கு வங்கிக்கணக்கு.

இதைச் சொர்க்கமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நைஜர் இன்றும் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. பசி போய்விடவில்லை. மீண்டு வந்ததும் அடர்வனம் அல்ல. பயிருக்கு நடுவே ஹெக்டேருக்கு நாற்பது ஐம்பது மரம். யானையும் சிறுத்தையும் திரும்பவில்லை. ஆனால் பறவை வந்தது, பறவை போட்ட விதையில் யாரும் ஏற்றிவிடாத மரமும் வந்தது. மனிதர் வாழும் நிலத்தில் இயற்கை திரும்புவதென்றால் இந்த அளவில், இந்த விதத்தில்தான் திரும்பும் என்று நான் நம்புகிறேன். மக்களை வெளியேற்றி வேலி போட்டு அடைகிற பசுமையைவிட இது மேலானது.

முறை நைஜரோடு நிற்கவில்லை. எத்தியோப்பியாவின் ஹம்போ மலைச்சரிவில் 2006 முதல், ரினாடோ பிற்பாடு சேர்ந்த தொண்டு நிறுவனத்தின் துணையோடு, ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் 2,700 ஹெக்டேருக்கு மேலான மொட்டைமலையைத் தூர்களிலிருந்தே காடாக்கின. 2018இல் ரினாடோவுக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் நல்வாழ்வுரிமை விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்ற இன்னொருவர் யாகூபா சவடோகோ. பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவின் குடியானவர். இறுகிய நிலத்தில் குழி பறித்து எருப்போட்டு மழைநீரைப் பிடித்து, பயிரையும் காட்டையும் சேர்த்தே எழுப்பியவர். அவர் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்திலும் தரிசு நிறையக் கிடக்கிறது. ஆண்டுதோறும் குழி தோண்டி, கன்று வைத்து, படம் எடுத்து, அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று வைக்கிறோம். இனி அப்படி ஒரு வேலைக்குப் புறப்படுகிறவர்கள், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு மழை முடிந்த வாரத்தில் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆத்தியோ வேம்போ வெள்வேலோ உசிலோ எந்தத் தூர் துளிர்க்கிறது, எந்த ஆடு அதைக் கடிக்கிறது என்று பாருங்கள். அது வளர்ந்தால் யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே ஊராரிடம் பேசி முடியுங்கள்.

மராடியில் அந்தப் பேச்சு எழுத்துக்கு வர நெடுநாள் ஆயிற்று. 1993இலும் 2004இலும் நைஜரின் நிலச் சட்டமும் வனச் சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. கடைசியில் 2020 ஜூலையில் அந்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தன் நிலத்தில் தூரிலிருந்து ஏற்றிய மரம் அதை ஏற்றிய குடியானவருக்கே உரியது.